இரண்டு எண்ணுவதற்குள்

“ஒண்ணு… ரெண்டு… போச்சு!” என்று குட்டிக் கேமராவைக் கடையின் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டார் மூட்டையக்கா. பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஒற்றைக் கையால் உருவி, குனிந்து பார்க்காமலே பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து, படம் விழுகிறவரை வாய்விட்டு எண்ணுவதுதான் அவர் வைத்த பரீட்சை. கேமரா அப்போதுதான் தன் மூக்கை வெளியே நீட்ட ஆரம்பித்திருந்தது. “இவரு தூங்கி எழுந்து, சோம்பல் முறிச்சு, அப்புறம்ல வர்றாரு! அதுக்குள்ள பஸ்ஸு போயிடும் தம்பி. அடுத்தவரைக் காட்டுங்க.”

“எந்த பஸ்ஸு அக்கா?” என்றார் கடைக்காரர், பாவம்.

கட்டடம் கட்டுகிறவர்களுக்கும் அலமாரி செய்கிறவர்களுக்கும் மூட்டையக்காவை நன்றாகத் தெரியும். புது வீட்டுச் சமையலறை, படிக்கட்டு, குளியலறைக் குழாய் என்று விளம்பரப் புத்தகங்களுக்குப் படம் எடுப்பது அவர் தொழில். முதுகில் பெரிய கேமராவும் நான்கு லென்சும், தோளில் முக்காலி, கையில் விளக்குப் பை. தூரத்திலிருந்து பார்த்தால் வீடு காலி செய்து போகிறவர் மாதிரி இருக்கும். பெயர் வந்ததும் அப்படித்தான். ஒரு நாற்காலியை மூன்று தடவை நகர்த்தச் சொல்வார். குழாய் முனையில் தொங்கும் ஒரு சொட்டைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, மறுபடி ஐந்து நிமிடம் உற்றுப் பார்ப்பார். “போதும்மா, எடுத்துடுங்க” என்று யாராவது அவசரப்படுத்தினால், “சும்மா இருங்க, அலமாரி இன்னும் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கு” என்பார். படம் வந்த பிறகு அவசரப்பட்டவரே இன்னொரு பிரதி கேட்பார். அந்தப் பெரிய கேமராவுக்கு ‘பெரியவர்’ என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறார். பெரியவரிடம் ஒரு குறையும் கிடையாது, அவருக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது என்பதைத் தவிர.

இப்போது வந்திருப்பதோ அவசரம். அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். முப்பத்தொரு வருடமாக ஒரே தடத்தில் ஓட்டுகிறார். எதிரெதிரே இரண்டு பேருந்துகள் கடக்கும்போது ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் கையைத் தூக்குவது வழக்கம். எல்லோரும் தூக்குகிறார்கள்தான். ஆனால் இவர் தூக்கும்போது கூடவே ஒரு சிரிப்பு வரும். பல் தெரியாது, ஒரு பக்கக் கன்னம் மட்டும் மேலே ஏறும். வீட்டில் தலைகீழாக நின்றாலும் அந்தச் சிரிப்பு வராது. அக்கா டிக்கெட் எடுத்து அதே வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இரண்டு எண்ணுவதற்குள் வந்து போய்விடும். பெரியவரைப் பையிலிருந்து எடுத்து, மூடியைக் கழற்றிக் கண்ணில் வைப்பதற்குள் வண்டி அடுத்த நிறுத்தத்தில் நிற்கும். “நீ பையைத் திறக்குறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்” என்று ஓட்டுநர் கேலி செய்வார்.

கேலி பலித்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசி நாள். ஊரார் வீட்டு அடுப்படிகளை ஆயிரக்கணக்கில் எடுத்துக் குவித்தவரிடம், சொந்தக் கணவர் வண்டி ஓட்டுகிற படம் ஒன்றுகூட இல்லை. இது ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது உறைத்தது. நுரையோடு நின்று அழுதார். அழுது முடித்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டுப் பணிமனை மேலாளரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். மேலாளர் கறாரான ஆள். “முன் சீட்டுல உக்காந்துக்கங்க. ஆனா மூட்டை முடிச்சு, ஸ்டாண்டு, லைட்டு எதுவும் வண்டிக்குள்ள வரக் கூடாது.”

குட்டிக் கேமரா வாங்குவது அக்காவுக்குப் புதிதில்லை. இதற்கு முன் இரண்டு வாங்கியாயிற்று. இரண்டுக்கும் ஒரே கதிதான். வாங்கிய அன்று பாக்கெட்டில் இருக்கும். மறுநாள், கீறல் விழக் கூடாதே என்று ஓர் உறை வரும். பிறகு கைப்பிடி வரும், கூடுதல் பேட்டரி வரும், சின்னதாக ஒரு ஃபிளாஷ் வரும். ஒரே மாதத்தில் அதற்கென்று தனிப் பை முளைத்து, அந்தப் பை பெரியவரின் பைக்குள்ளேயே குடிபோய்விடும். “என்ன, உன் மூட்டை குட்டி போட்டுடுச்சா?” என்று ஓட்டுநர் கேட்டது அப்போதுதான். எனவே இந்த முறை அக்கா கண்டிப்பான தீர்மானத்தோடு வந்திருக்கிறார்.

“போன்லயே எடுக்கலாமேக்கா?” என்றார் கடைக்காரர், வியாபாரம் கெடுவதைக்கூட மறந்து.

“எடுக்கலாம். சரியா அந்த நேரம் பாத்து யாராவது கூப்பிடுவாங்க. அதுவும் என் நாத்தனார்தான் கூப்பிடுவா.”

இரண்டாவது கேமராவில் பொத்தானே இல்லை. எல்லாமே திரையில் தொட வேண்டும். “கண்ணாடி போட்டாத்தான் இவரு எங்க இருக்காருன்னே தெரியும்” என்று ஒதுக்கிவிட்டார். மூன்றாவதைக் கடைக்காரர் ஒரு புன்னகையோடு எடுத்து வைத்தார். “உங்க பெரிய கேமரா லென்ஸை இதுலயே மாட்டிக்கலாம்க்கா!”

அக்காவின் கை அதை நோக்கிப் போனது. போன கை அதைத் தடவியது, திருப்பியது, எடை பார்த்தது. கண்ணில் ஆசை அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு பெருமூச்சோடு கேமராவைக் கடைக்காரர் பக்கமே தள்ளினார். “வேண்டவே வேண்டாம். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே பைக்குள்ளதான் குடித்தனம் பண்ணுவாங்க. என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

நான்காவது, தட்டையாக, கறுப்பாக, சோப்புக் கட்டி அளவில் இருந்தது. மூக்கு நீளவில்லை. எண்ணத் தொடங்கி ‘ஒண்ணு’ முடிவதற்குள் படம் விழுந்துவிட்டது. அதோடு விட்டாரா? கடைக்காரரை வாசலில், வெயிலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தார். “கையைத் தூக்குங்க தம்பி. பஸ் ஓட்டுற மாதிரி. ஆங், இன்னும் கொஞ்சம்.” தெருவில் போனவர்கள் வேடிக்கை பார்க்க, அந்த மனிதர் இல்லாத ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார். வெளியே அத்தனை வெளிச்சத்திலும் அவர் முகம் கறுத்துப்போகாமல் தெளிவாக விழுந்தது. பிறகு, பெரியவரில் எடுத்துக் கொண்டுவந்திருந்த ஒரு படத்தையும் இதையும் அக்கா கடைக் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தார். “ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரிதான் இருக்கு. இவருதான் நம்ம சின்னவரு.”

“இதுல ஜூம் கிடையாதுக்கா. பரவாயில்லையா?”

“ஜூம் எதுக்கு? அவரு பக்கத்துலதானே உக்காந்திருப்பாரு.”

கடைக்காரர் இலவசமாக ஓர் உறையை நீட்டினார். அக்கா இரண்டடி பின்வாங்கி, சின்னவரை வெறுமையாகப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை முன் சீட்டில் உட்கார்ந்தார். முதல் பேருந்து தப்பியது, குறுக்கே கம்பி. இரண்டாவதில் கை மட்டும் விழுந்தது. அக்கா பதறவில்லை, ஒரு சாண் முன்னால் நகர்ந்துகொண்டார். மூன்றாவதிலிருந்து ஒன்றும் தப்பவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். கையைத் தூக்கியதோடு ஹாரனும் அடித்தார்கள், விளக்கை மினுக்கினார்கள். ஓட்டுநரும் ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கினார். சிரிப்புதான் வரவில்லை. அன்றைக்கு மனிதர் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். சிரிங்க என்று சொல்லலாம். சொன்னால் அது போட்டோச் சிரிப்பாகிவிடும் என்பது அக்காவுக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டு எடுத்தார். கடைசி நிறுத்தத்தில் பார்த்தால் பதினேழு படம். பதினேழிலும் கை இருந்தது, வெளிச்சம் இருந்தது, கன்னம் அப்படியே கிடந்தது. அக்கா பதினேழையும் மறுபடி முதலிலிருந்து தள்ளிப் பார்த்தார்.

சாவியை ஒப்படைத்துவிட்டு, இருவரும் வேறொருவர் ஓட்டிய பேருந்தில் பயணிகளாக வீட்டுக்குத் திரும்பினார்கள். ஓட்டுநர் ஜன்னலோரம், அக்கா பக்கத்தில். முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக அவர் டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். பாலத்தைத் தாண்டியதும் எதிரே அதே தடத்துப் பேருந்து ஒன்று வந்தது.

ஓட்டுநரின் கை தானாக மேலே போய்விட்டது.

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் ஓட்டுநருக்கு நினைவு வந்தது. அசட்டுத்தனமாக, அந்த ஒரு பக்கக் கன்னம் மெல்ல ஏறியது. கையை அவசரமாகக் கீழே இறக்கப் பார்த்தார். அக்கா இடது கையை எட்டிப் போட்டு, அவர் மணிக்கட்டை அந்தரத்திலேயே பிடித்து நிறுத்தினார்.

“விடு, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்” என்ற அக்கா, பிடியைத் தளர்த்தாமல் வலது கையால் சின்னவரை உருவினார்.