வருத்தக்காரர் இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி வாவிக்கு அக்கரையில் இருக்கிறது. எக்ஸ்ரே அறையில் சிற்றூழியராக இருக்கிறேன். வருத்தக்காரரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து படுக்கையில் ஏற்றி இறக்குவது என் வேலை. படிப்பு பதினோராம் வகுப்புச் சாதாரண தரச் சோதனையோடு நின்றது. பேசக் கூச்சம். பெரிய டொக்டரிடம் "ஓம் ஐயா"வுக்கு மேல் பேசியதில்லை.

வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் பாதை என்போம். ஒருநாள் காலை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ரீச்சர் பாதையில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, எங்கட பிள்ளையளிட்ட என்ன வேலைக்கு விருப்பம் எண்டு கேட்டா டொக்டர், ரீச்சர், பொலிஸ் எண்டுதான் சொல்லுதுகள். நாலாவதா ஒண்டு தெரியாது. சோதினை முடிய என்ன பாடம் எடுக்கிறதெண்டு தெரியாமலே நிண்டிருவாங்க. உங்கட ஆஸ்பத்திரியக் காட்டேலுமா?"

படம் எடுக்கும் எங்கள் எக்ஸ்ரே சேர் காத்தான்குடிக்காரர். அவர்தான் எனக்காகப் பெரிய டொக்டரிடம் கேட்டார். பத்து மணிக்கு வரலாம், ஒரு மணித்தியாலம் மட்டும் என்று வாய்ச்சொல்லாக அனுமதி கிடைத்தது.

பிள்ளைகள் வந்த அன்றைக்கு நானும் வாசலுக்குப் போனேன்; அங்கே நின்ற காவலாளி புதியவர். வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளை மறித்துவிட்டார்.

"பார்க்கிற நேரம் பன்னிரண்டுக்கு. அதுவும் ரெண்டு ரெண்டு பேராத்தான்."

"நாங்க வருத்தக்காரரப் பார்க்க வரல்ல," என்றார் ரீச்சர்.

"அப்ப தோடம்பழம் ஆருக்கு?"

ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பை. தோடம்பழம், பிஸ்கட், பால்மா ரின்.

"ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோட போகப்படாதெண்டு அம்மா தந்து விட்டவ," என்றாள் ஒரு பிள்ளை.

"நல்ல கதைதான். பழம் இரிக்கி, வருத்தக்காரனத்தான் காணல்ல. மேல இருந்து சொன்னா விடுவன்."

எக்ஸ்ரே சேர் உள்ளே அவசர வேலையில் இருந்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். வார்டுக்கு ஓடினேன். பெரிய டொக்டரைச் சுற்றித் தாதிமார் நின்றார்கள். "ஐயா" என்றேன், சத்தம் வரவில்லை. திரும்பவும் கூப்பிட்டபோது வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

"பிள்ளையள் வெளியில நிக்குதுகள் ஐயா. விடுறாங்க இல்ல."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இன்னுமா நிக்கிறாங்க? பதினொண்டரை வரைக்கும் இருக்கட்டும்," என்று ஒரு தாதியை வாசலுக்கு அனுப்பினார்.

கொண்டுவந்த பழங்களைப் பிள்ளைகள் பார்க்க ஆள் வராத கட்டில்களில் கொடுத்தார்கள். பிறகு எக்ஸ்ரே சேர் முறிந்த கை ஒன்றின் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, "எங்க முறிஞ்சிரிக்கி?" என்று கேட்டார். பழத்தை அம்மா தந்துவிட்டதாகச் சொன்ன பிள்ளைதான் மயிர்போல் ஓடிய கோட்டைத் தொட்டாள்.

"இந்த வேலைக்கு என்ன படிக்கோணும் சேர்?"

"விஞ்ஞானம் எடுத்துப் பாஸ் பண்ணு மகள். மிச்சத்த அதுக்குப் பிறகு படிப்பிப்பாங்க."

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு விஞ்ஞானம் இல்லை. அவளது சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் ரீச்சர் அக்கரைப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வாங்கினார்.

எக்ஸ்ரே சேருக்கும் டொக்டருக்கும் நான் நன்றியுள்ளவள். அந்தக் காவலாளிக்கும்தான். அவர் மறித்திராவிட்டால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

இப்போது அந்தப் பிள்ளை காலையில் என்னோடு பாதையில் வருகிறாள். "பௌதிகம் கொல்லுது அன்ரி," என்று முறைப்பாடு சொல்லிக்கொண்டே புத்தகத்தை விரிக்கிறாள். காற்றுக்குத் தாள் பறக்காமல் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்.