மேடைக்குப் போன பேன்சீப்பு

ராஜத்துக்குக் கண்றாவிகளைப் பார்த்துப் பழக்கம்தான். தில்லியில் ஆதரவற்ற பெண்குழந்தைகள் இல்லம் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு வருஷமாக வார்டனாக இருக்கிறவளுக்கு வாந்தியும் சிரங்கும் சீழ் வடிகிற காதும் அருவருப்பில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பஸ் பிடித்து கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்குப் போய், நிம்மதியாக ரசஞ்சோறு சாப்பிடுவாள். அவளுக்கு வயிற்றைப் புரட்டிய இடம் ஒன்றே ஒன்று. அது ஏ.சி. போட்ட ஓட்டல் ஹால். உள்ளே நுழைந்தாலே ரோஜாப்பூ வாசனை அடிக்கும்.

சிதம்பரத்துக்காரி. கணவர் கலியமூர்த்தி மத்திய சர்க்காரில் கிளார்க். கல்யாணமாகி தில்லிக்கு வந்தபோது ‘பானி’ என்ற சொல்லைத் தவிர இந்தி தெரியாது. பால்காரனிடமும் ரேஷன் கடையிலும் சண்டை போட்டுப் போட்டே கற்றுக்கொண்டாள். இல்லத்தில் வேலை கிடைத்ததும் அந்த இந்தியை வைத்துத்தான். எந்தப் பயிற்சியும் யாரும் கொடுக்கவில்லை. முதல்நாள் ஒரு கொத்துச் சாவியைக் கையில் கொடுத்து, “ஜல்தி உள்ளே போ, ரெண்டு பேர் அடிச்சுக்கிறாங்க” என்றார்கள். அவ்வளவுதான்.

பேன் எடுப்பது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம். சாயங்காலம் டீ கொடுத்த பிறகு முற்றத்துப் படியில் உட்கார்ந்துகொள்வாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து ஒருபடி கீழே முதுகைக் காட்டி உட்காருவார்கள். முகத்தைப் பார்த்து எதையாவது கேட்டால் பிள்ளைகள் பொய் சொல்லும், இல்லாவிட்டால் அழும். தலையைச் சீப்புக்குக் கொடுத்துவிட்டு எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தானாகப் பேசும். ராஜம் கேள்வி கேட்கமாட்டாள். “ம்” கொட்டுவாள். பேனை நகத்தில் வைத்துக் குத்துவாள். கேட்டது அந்தப் படியோடு சரி, கலியமூர்த்தியிடம்கூடச் சொல்லமாட்டாள்.

தங்கம் வந்தது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம், வெயில் காலத்தில். எட்டு ஒன்பது வயதிருக்கும். ரயில் நிலையத்தில் சுற்றிக்கொண்டிருந்தவளைப் போலீஸ் கொண்டுவந்து விட்டது. விருத்தாசலம் பக்கத்திலிருந்து வீட்டு வேலைக்கென்று ஒருத்தன் கூட்டிவந்திருக்கிறான் என்பதுமட்டும் தெரிந்தது. அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவே இல்லை. இந்தியில் மிரட்டிப் பார்த்தார்கள், பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார்கள். ராஜம் சீப்பை எடுத்தாள். ஒரு வாரம் கழித்து, “எனுக்கு ஒரு தங்கச்சி இருக்கு அத்தே” என்றது குழந்தை. பேர் லதா. கூட்டிவந்தவன் இரண்டு பேரையும் ஒரே வீட்டில்தான் வைத்திருந்தான். லதா இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

எந்த வீடு? அது துளித்துளியாகத்தான் வந்தது. மாடி வீடு. மொட்டைமாடியில் நின்றால் விமானம் சக்கரம் தெரிகிற உயரத்தில் போகும். எதிரே பஞ்சர் கடை. மழைக்காலம் முடிவதற்குள் தங்கம் இந்திகூடப் பேசக் கற்றுவிட்டாள். ஆனால் இந்தக் கதைமட்டும் தமிழில்தான், படியில்தான். இன்னும் இரண்டு மூன்று சாயங்காலம் போனால் தெரு அடையாளம் வந்துவிடும், அதைப் போலீஸிடம் கொண்டுபோகலாம் என்று ராஜம் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பயிற்சி வந்து சேர்ந்தது. வெளிநாட்டுப் பணம். தில்லியில் உள்ள இல்லங்களின் ஊழியர்களையெல்லாம் ஓட்டல் ஹாலில் உட்காரவைத்து முன்னேற்றப் போகிறார்களாம். முதல்நாள் பலூன் ஊதச் சொன்னார்கள். அடுத்து, உங்களுக்குள் இருக்கும் குழந்தையை வரையுங்கள் என்று கிரேயான் கொடுத்தார்கள். ஐம்பது வயது வார்டன்கள் பல்லைக் காட்டிக்கொண்டு வரைந்தார்கள். மத்தியானம் பனீரும் குலாப் ஜாமூனும். பாதி தின்று தட்டோடு போட்டார்கள். இல்லத்தில் பிள்ளைகளுக்கு அன்றைக்கும் தண்ணீர்ப் பருப்புதான். ராஜம் ஜாமூனைத் தொடவில்லை.

பயிற்சி கொடுத்தவள் ஜ்யோத்ஸ்னா. துவாரகாவில் வீடு, தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். “ஆன்ட்டி, நீங்க தமிழா? எங்க பாட்டி ஊர் மாயவரம்” என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கேதான் ராஜம் கோட்டைவிட்டாள். நாள் முழுக்க இந்தியும் இங்கிலீஷும் கேட்ட காதுக்கு ஒரு தமிழ் வார்த்தை விழுந்தால் போதும், தில்லித் தமிழர்களுக்குப் புத்தி மழுங்கிவிடும். நம்ம பொண்ணு என்று நினைத்து, டீ குடிக்கும் நேரத்தில் படியையும் சீப்பையும் தங்கத்தையும் பற்றி அத்தனையும் கொட்டிவிட்டாள்.

“வாவ் ஆன்ட்டி. இது பெஸ்ட் பிராக்டிஸ், எல்லா ஹோம்லயும் செய்யலாம்” என்றாள் ஜ்யோத்ஸ்னா.

மறுநாள் காலையில் இல்லத்து சூப்பிரண்ட் மேடம் கூப்பிட்டுச் சொன்னாள்: கடைசி நாள் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், தங்கத்தை ஹாலுக்குக் கூட்டிவர வேண்டும், மேடையில் பேன் வாரிக் காட்ட வேண்டும்.

“அது சின்னப் புள்ள. குரங்காட்டி வித்தையா இது?” என்று ராஜம் ஜ்யோத்ஸ்னாவிடம் போய்க் கேட்டாள்.

“நோ ஆன்ட்டி, சும்மா வாரணும், அவ்ளோதான். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் இருக்கேன்ல?”

தான் மாட்டேனென்றால் வேறு எவளாவது சீப்பைப் பிடிப்பாள். அதற்கு நானே இருந்துவிட்டுப் போகிறேன் என்று ராஜம் ஒப்புக்கொண்டாள்.

மேடையில் படி செய்து வைத்திருந்தார்கள். மரப்பலகையில் இரண்டு படி, பக்கத்தில் பிளாஸ்டிக் பூத்தொட்டி. தங்கத்துக்குப் புதுக் கவுன் போட்டு, காலரில் பொத்தான் அளவுக்கு ஏதோ குத்தினாள் ஜ்யோத்ஸ்னா. அது மைக் என்று ராஜத்துக்குத் தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியதில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தங்கத்துக்குத் தெரியவில்லை. வெறும் இருட்டு, சுவர் மாதிரி. ராஜம் உட்கார்ந்தாள், குழந்தை வழக்கம்போல் முதுகைச் சாய்த்துக்கொண்டது, சீப்பு தலையில் பட்டது.

பழக்க தோஷம். தங்கம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“லதா அழுவுறான்னு அந்தாளு அவள குளிக்கிற ரூம்ல போட்டுப் பூட்டிட்டான் அத்தே. சாவி ஆணியிலதான் தொங்கிச்சி. நான் தெறக்காமயே ஓடியாந்துட்டேன்.”

ஹாலின் நாலு மூலையிலிருந்தும் அவள் குரல் பெரிதாக வந்தது. தங்கம் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தாள். ராஜத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை மாதமாகக் குழந்தை நெஞ்சில் வைத்துப் புழுங்கியது இதைத்தானா? முன்வரிசையில் ஓர் அதிகாரி, குழந்தை என்ன சொல்லுகிறது என்று கேட்டார்.

“தலை வலிக்குதுன்னு சொல்றா” என்று ராஜம் இந்தியில் சொல்லிவிட்டு எழுந்தாள்.

“இல்லை சார், ஆன்ட்டி கொஞ்சம் எமோஷனல் ஆயிட்டாங்க” என்று சிரித்தாள் ஜ்யோத்ஸ்னா. பிறகு மைக்கை வாங்கி, சுத்தமான இந்தியில், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். குளியலறை, ஆணி, சாவி, தங்கை, திறக்காமல் ஓடி வந்தது. தமிழில் நாலு வாக்கியம் கோவையாகப் பேசத் தெரியாதவளுக்கு அது எப்படித்தான் அத்தனை அட்சரசுத்தமாகப் புரிந்ததோ.

இந்தி தங்கத்துக்கும் புரிந்தது. அவள் ராஜத்தின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். ஹாலில் உச்சுக்கொட்டினார்கள். யாரோ கைதட்டினார்கள், உடனே எல்லாரும் தட்டினார்கள். சூப்பிரண்ட் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள். ராஜம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடி, கைகழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அசிங்கத்திலும் அசிங்கம். அடுத்த மாதமே எல்லா இல்லங்களுக்கும் பெட்டி பெட்டியாகப் பேன்சீப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் சீப்பு வகுப்பாம். எதிரே ஒருத்தி பேனாவோடு உட்கார்ந்து பிள்ளைகள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டுமாம். மேடையிலிருந்து சொல்லாமல் இறங்கியதற்காக ராஜத்தை சமையலறை மேற்பார்வைக்கு மாற்றிவிட்டார்கள். தங்கத்தின் தலையைப் புதிதாக வந்த பெண் வாரினாள். தங்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுதிக்கொள்பவள் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதிவைத்தாள்.

“வேலைய விட்டுடு, வேற பாத்துக்கலாம்” என்றார் கலியமூர்த்தி.

“அந்தப் புள்ள வீட்டச் சொல்ற வரைக்கும் எப்படிங்க விடறது? உள்ள ஒருத்தி பூட்டிக் கெடக்கிறா” என்றாள் ராஜம். போலீஸில் போய்ச் சொல்லிப் பார்த்தாள். விமானம் போகும் மாடி வீடு தில்லியில் ஆயிரம் இருக்கிறது, போய் வாருங்கள் பெஹன்ஜி என்றார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை சமையலறைக் கத்தரிக்கோலைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனபோது தங்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். காலைச் சுற்றி முடி. தலை கோழி கிளறின மண் மாதிரி இருந்தது, ஓரிடத்தில் ரத்தம். ராஜம் முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள்.

“இனிமே பேன் வராதுல்ல அத்தே? யாரும் வார மாட்டாங்கல்ல?”

“மாட்டாங்க.”

ராஜம் அவள் எதிரே குந்தி உட்கார்ந்தாள். இத்தனை காலம் செய்யாததை, முகத்தைப் பார்த்து, கெஞ்சிக் கேட்டாள்.

“தங்கம், எங்கிட்ட மட்டும் சொல்லு. லதா இருக்கிற வீடு எந்தத் தெருவுல?”

குழந்தை வெட்டின முடியைக் கையால் கூட்டி ஓரமாகத் தள்ளியது.

“எந்த லதா? எனுக்குத் தங்கச்சியெல்லாம் யாரும் இல்ல.”