உடையாத கேக்

பத்து வயதுவரை, சாக்லேட் கேக் என்றாலே நசுங்கித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் சொல்வது தனித்தனிக் கவரில் வரும் அந்த வட்டக் கேக்கை. மேலே சாக்லேட் பூச்சு, கடித்தால் நடுவில் பஞ்சு மாதிரி வெள்ளைக் கிரீம். மற்ற வீடுகளில் அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு அது சும்மாவே வந்தது.

அப்பா அந்தக் கம்பெனியின் திண்டுக்கல் ஏஜென்சியில் லைன் சேல்ஸ்மேன். சின்ன லோடு வண்டியில் கேக்கும் பிஸ்கட்டும் ஏற்றிக்கொண்டு, ஒருநாள் சித்தையன்கோட்டைப் பக்கம், ஒருநாள் கன்னிவாடிப் பக்கம் என்று கடை கடையாகப் போட்டுவிட்டு வருவார். வழியில் நசுங்கியது, ஓரம் உடைந்தது எல்லாம் சனிக்கிழமை மாலை ஒரு மஞ்சள் பையில் வீடு வந்து சேரும். அதற்கு எங்கள் வீட்டில் 'டேமேஜ்' என்று பெயர். அந்தச் சொல்லுக்குத் தின்பண்டம் என்றுதான் அர்த்தம் என்று நான் நம்பியிருந்தேன். பள்ளியில் ஒருமுறை அப்படியே சொல்லி டீச்சரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

தன் சரக்கின் மேல் அப்பாவுக்குத் தனிப் பெருமை. விசேஷ வீடுகளில் யாராவது வேறு கம்பெனியைப் புகழ்ந்தால் போதும். "என் கண்ணக் கட்டிட்டுக் குடுங்க. எது நம்மதுன்னு சொல்லிப்புடுறேன்" என்பார். யாரும் கட்டிப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் பைபாஸ் ஓரம் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் திறந்தார்கள். சின்னாளபட்டியிலிருந்து வந்திருந்த அத்தை, வேடிக்கை பார்க்கலாம் என்று என்னை அழைத்துப்போனாள். அரிசி முதல் சோப்பு வரை எல்லாவற்றிலும் அந்தக் கடையின் பெயரையே போட்டு ஒரு வரிசை அடுக்கியிருந்தார்கள். அதில் எங்கள் கேக் மாதிரியே ஒன்றும் இருந்தது. வெள்ளை டப்பா, அதன்மேல் கடையின் பெயர், அவ்வளவுதான்.

"அதே கேக்குதேன்டி. வெல பாதிதேன்" என்று அத்தை ஒரு டப்பா எடுத்துக் கூடையில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தேன். முழு வட்டம். ஒரு கீறல் இல்லை. பூச்சு பளபளத்தது. பல் பட்டதும் அது மெல்லிய சத்தத்தோடு உடைந்ததே, அந்தச் சத்தத்தை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை. எங்கள் கேக்குகள் எல்லாம் ஏற்கெனவே உடைந்து வந்தவை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து அப்பா கை கழுவிவிட்டு வந்ததும், அத்தை துண்டால் அவர் கண்ணைக் கட்டினாள். வடிவம் தெரிந்துவிடக் கூடாதென்று மஞ்சள் பையில் வந்ததையும் டப்பாவில் இருந்ததையும் நானே துண்டு போட்டுத் தட்டில் வைத்திருந்தேன்.

முதல் துண்டை மென்றார். "இது வேற. மெழுகத் திங்கிற மாதிரி இருக்கு."

இரண்டாவதை மென்றார். முகம் மலர்ந்தது. "ஆங், இதுதேன் நம்மது. கிரீமே சொல்லுதுல்ல!"

"அப்பா தோத்துட்டாரு!" என்று நான் குதித்தேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துண்டை அவிழ்த்துவிட்டு அப்பாவும் சிரித்தார். "எங்க, அந்த டப்பாவக் குடு பாப்போம்."

ஜன்னல் பக்கம் கொண்டுபோய், டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். பிறகு மஞ்சள் பையிலிருந்து கசங்கிய கவர் ஒன்றை எடுத்து நீவி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

"ரெண்டுலயும் ஒரே அட்ரஸ்" என்றார் அம்மாவிடம். "நம்ம பாக்டரியிலதேன் அவய்ங்களுக்கும் போட்டுக் குடுக்கிறாய்ங்க."

"உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலையா?" என்றாள் அம்மா.

"எனக்கு எதுக்குச் சொல்லணும்?"

எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. "அப்ப ரெண்டையும் நீங்களே வண்டில போட்டு விக்கலாம்லப்பா?"

"செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இருக்க மாட்டியா?" என்று அம்மா சீறினாள்.

"புள்ளைய ஏன் வையிற?" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுத்தா, எது நல்லாருக்கு?" என்று கேட்டார்.

வெள்ளை டப்பாவைக் காட்டினேன். "இதுதாம்ப்பா. உடையாம இருக்கு."

தலையை ஆட்டிக்கொண்டார். டப்பாவிலிருந்து இன்னொரு கேக்கை எடுத்து, எங்கள் பக்கம் திரும்பாமல் முழுவதையும் தின்று முடித்தார். தோற்றுப்போனதில் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை வகுப்பில், சூப்பர் மார்க்கெட் கேக்கும் எங்கள் அப்பா கம்பெனி செய்வதுதான் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

அதற்குப்பின் மஞ்சள் பை வாராவாரம் கனத்தது. விற்காத சரக்கைக் கடைக்காரர்கள் தேதி முடிந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். உடையாத, முழுமுழுக் கேக்குகள். எனக்கு ஒரே குஷி. அம்மா அவற்றைத் தொடவே மாட்டாள்.

பெரிய கடைகளுக்குக் கம்பெனி நேரடியாகவே அனுப்பத் தொடங்கியது. சின்னக் கடைகளில் விற்பனை படுத்தது. ஏஜென்சி முதலாளி வண்டி லைன்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார், அப்பாவின் கன்னிவாடி லைன்தான் கடைசி. அதன்பின் அவர் நூல் மில்லில் ஷிப்டு வேலைக்குப் போனார். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்தது, கோடை லீவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்பா, "வாத்தா, லைனுக்குப் போயிட்டு வருவோம்" என்று கூப்பிட்டது மட்டும்தான். அதுவரை ஒருநாளும் அவர் என்னை வண்டியில் ஏற்றியதில்லை.

பின்னால் நாலைந்து பெட்டிகள்தான் இருந்தன. ஆனாலும் ரெட்டியார்சத்திரத்திலிருந்து ஒரு கடை விடாமல் நிறுத்தினார். ஒவ்வொரு கடையிலும் இறங்கி, "எம் மகதேன்" என்றார். ஒருவர் கடலைமிட்டாய் கொடுத்தார். ஒரு அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, கலர் சோடா பாட்டிலை உடைத்து நீட்டினாள். கன்னிவாடியில் ஒரு கடைக்காரர் கல்லாவைவிட்டு இறங்கி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பன்னெண்டு வருசமாய்யா? மழ பெஞ்சாலும் ஒரு செவ்வாக்கெழம தவறுனதில்லையே."

"வாரேண்ணே" என்றார் அப்பா. கடைக்காரர் கையை விடவில்லை. நான் ஊருக்குப் பின்னால் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டு கலரைக் குடித்தேன்.

திரும்பும்போது மடி நிறையத் தின்பண்டம். போன இடமெல்லாம் இத்தனை பேருக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்த வாரமும் கூட்டிட்டுப் போவீங்களாப்பா?" என்றேன். அப்பா ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தத்தில் காதில் விழவில்லை போல.

வீட்டுக்கு வந்ததும், அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு என்று என் நீலப் பாவாடையை எடுத்து, நானே மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.