வயிற்றுக்குள் வைத்த வலை

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் இலங்கை மலையகத்தில் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கணவர் இறந்துவிட்டார். மகன் கட்டாரில் வேலை செய்தான். பாடசாலைக்குப் பின்னால் இருந்த குவாட்டர்ஸில் நான் மட்டும்தான்.

ஐம்பதைத் தாண்டியதும் எனக்கு அடி இறங்கிவிட்டது. கர்ப்பப்பை இடம்விட்டுச் சரிந்து கீழே வருவதை எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. ஒரு பாடம் முடிவதற்குள் நிற்கமுடியாமல் உட்கார்ந்துவிடுவேன். கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். மிச்ச உறுப்புகள் இறங்காமலிருக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் வலையை உள்ளே வைத்து, முதுகெலும்புப் பக்கமாக இழுத்துத் தைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. அந்த வருட விளையாட்டுப் போட்டியன்று நாள் முழுக்க மைதானத்தில் நின்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் துணியில் கறை படத் தொடங்கியது. பிறகு நாற்றம். இடுப்புக்குப் பின்னால் விடாத வலி, அடிக்கடி காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவரின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். அவரிடம் காய்ச்சல் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் கொடுத்த குளிசை தீரும்வரை குறையும், தீர்ந்ததும் திரும்பிவிடும். அந்தக் குளிரிலும் காலையும் மாலையும் குளித்தேன். ஆசிரியர் அறையில் கதிரையை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் பயமாக இருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, பாவம் பார்த்து வாய் திறக்காமலிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். ஃபாதர் விசாரித்தபோது முழங்கால் வலி என்றேன். மகன் போனில் சாப்பிட்டீங்களாம்மா என்பான், சாப்பிட்டேன் என்பேன். உடம்பின் அந்த இடத்தைப் பற்றி மகனிடம் எப்படிப் பேசுவது? இது கேன்சர்தான் என்று எனக்கு நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் வகுப்பிலேயே காய்ச்சல் ஏறி, சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். பாடசாலை அதிபர் வேன் பிடித்து என்னைக் கண்டிக்கு அனுப்பினார். அங்கே ஓர் இளம் சிங்கள டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். கேன்சர் இல்லை. வலையில் கிருமி பிடித்துப் பின்பக்கம் சீழ் கட்டியிருக்கிறது. மறுபடி வயிற்றைத் திறக்கத் தேவையில்லை. சின்னத் துளைகள் போட்டு, கமரா விட்டு, வலையை எடுத்துவிட்டு உள்ளே கழுவிவிடலாம். எனக்கு அழுகை வந்தது. ஒப்பரேஷனுக்குப் பயந்து அழுகிறேன் என்று அவர் நினைத்தார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் பூண்டுலோயாவிலிருந்து வந்த ஓர் அம்மா. கொழுந்து பறித்தவர், என்னைவிட மூத்தவர், சிங்களம் வராது. டாக்டர்கள் வார்டைச் சுற்றி வருவதற்கு முன்பு என் கையைப் பிடித்தார்.

"டீச்சரம்மா, நீங்க சிங்களம் பேசுறீங்க. எனக்காகவும் கொஞ்சம் சொல்லுங்களேன்."

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடி சொன்னார். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்தே அடி இறங்கியிருக்கிறது. துணியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொழுந்துக் கூடையோடு மலை ஏறியிருக்கிறார். புருஷனுக்குக்கூடத் தெரியாது. இப்போது சிறுநீர் அடைத்துக்கொள்கிறது, புண்ணும் வந்து நாறுகிறது.

டாக்டரம்மா வந்ததும் எழுந்து நின்று ஒன்றுவிடாமல் சிங்களத்தில் சொன்னேன். வார்டில் எல்லாருக்கும் கேட்டது. என் குரல் நடுங்கவில்லை.

அவர்கள் போனபின் அந்த அம்மா கேட்டார்.

"நாத்தத்தையும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேங்க."

"உங்களுக்கு என்னாம்மா?"

"எனக்கும் அதேதான்."

அவர் கால்களை மடக்கி, கட்டிலில் எனக்கு இடம் விட்டார். அங்கே போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் எனக்கு ஒப்பரேஷன். மயக்கம் தெளிந்து வார்டுக்குத் திரும்பியபோது அந்தக் கட்டிலில் வேறொருத்தர் படுத்திருந்தார். வேறு வார்டுக்கு மாற்றிவிட்டதாக நர்ஸ் சொன்னார், எந்த வார்டு என்று அவருக்குத் தெரியவில்லை. மிச்சச் சீழ் வடிய வைத்திருந்த குழாயோடு என்னால் தேடிப்போகவும் முடியவில்லை.

துளைகள் சீக்கிரம் ஆறின. நாற்றமும் காய்ச்சலும் போயின. வலை இல்லாததால் மறுபடி கொஞ்சம் இறங்கலாம் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். இறங்கத்தான் செய்தது. தாங்கிப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம் வைத்துவிட்டார்கள், அதோடுதான் இருக்கிறேன். நல்லாகிவிட்டது என்று தெரிந்தும் பல மாதங்கள் கழற்றிய சேலையை முகர்ந்து பார்த்த பிறகே துவைக்கப் போடுவேன்.

பாடசாலை லீவில் ஒருமுறை பூண்டுலோயாவுக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைவீதியில் நின்றேன். சுற்றிலும் எத்தனையோ தோட்டங்கள். அந்த அம்மாவின் பெயரையும் தோட்டத்தையும் நான் கேட்டு வைத்திருக்கவில்லை. கடைக்காரரிடம் என்ன அடையாளம் சொல்லி விசாரிப்பது? அந்த அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அவர் யாருக்கும் தெரியக்கூடாது என்று வைத்திருந்தது மட்டும்தான். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.