காலியாக வந்த டிபன் பாக்ஸ்

தொண்ணூறுகளில் தாம்பரத்து மருத்துவமனை ஒன்றில் நான் டயட்டீஷியன். கோடை வந்தால் எங்கள் சிட்லபாக்கம் வீட்டில் சுரைக்காய்க் கூட்டு, பூசணி மோர்க்குழம்பு, வெள்ளரிப் பச்சடிதான், எண்ணெய் பேருக்கு. மின்சார ரயிலில் பாரிமுனை ஆபீசுக்குப் போய்வந்த என் கணவரின் டிபன் பாக்ஸ் தினமும் வழித்துத் துடைத்தாற்போல் காலியாக வரும். எனக்கு ஒரே பெருமை. அவர் தொப்பை மட்டும் ஏன் வளர்கிறது என்பதுதான் விளங்கவில்லை.

ஒரு மாலை, ரயிலை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார் ஒரு நோயாளி. சர்க்கரை நன்றாகக் குறைந்திருந்தது.

“எப்படி சார்?” என்றேன்.

“ரயில்ல ஒரு ஃப்ரெண்டு மேடம், சிட்லபாக்கம். காலையில டிபன் பாக்ஸை மாத்திப்போம், சாயங்காலம் காலி பாக்ஸைத் திருப்பிக் குடுத்து ருசி எப்படின்னும் சொல்லிப்போம். என் பூரிகிழங்கு அவருக்கு, அவரோட சுரைக்காய் எனக்கு. பாவம், அவங்க வீட்டம்மாவும் உங்கள மாதிரிதான் போல. நல்லாத்தான் செய்றாங்க. இன்னிக்குக் கூட்டுல உப்புதான் கொஞ்சம் கம்மி.”

என் வைத்தியம் பலித்துத்தான் இருந்தது; ஆள்தான் வேறு.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம், “கூட்டு எப்படி இருந்துது?” என்று கேட்டேன்.

“பிரமாதம்,” என்றார் தொப்பையைத் தடவிக்கொண்டே. “உப்புதான் கொஞ்சம் கம்மி.”