தூசி கருகும் மணம்

இன்று தம்பியின் கல்யாணக் கார்ட் கொடுக்க, ரொக்ஸ்பரோவில் தெரிந்த அக்கா ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன்.

சப்பாத்தைக் கழற்றியதும் உள்ளங்கால் விறைத்தது. அக்கா ஓடிப்போய் ஹீட்டரைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தூசி கருகும் மணம் வந்தது. குளிர் தொடங்கி முதன்முதலாக ஹீட்டர் போடும் அன்றைக்கு வருமே, அதே மணம்.

இது தை மாதம். குளிர் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேலாகிறது.

அவராகவே சொன்னார்: "பழைய கரண்ட் பில்லை மாசாமாசம் பிரிச்சுக் கட்டுறம். இப்ப அதையும் கூட்டிப்போட்டாங்கள்."

"எனக்குப் புழுங்குது அக்கா, நிப்பாட்டுங்கோ."

"சும்மா இரும். நல்ல காரியத்துக்கு வந்தனீர்" என்று இன்னும் கூட்டினார்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து முதலே போன் எடுத்துவிட்டு வாருங்கள். எங்கள் வீட்டிலும் அந்த மணம் போக அரை மணித்தியாலம் வேண்டும்.