வெயிட் போட்டால்தான் சேரும்

சோமனூர்த் தறிக்குடோனில் இருபத்தாறு வருடம் நின்ற கால் மாசாணியம்மாளுடையது. நாலு தறிக்கு நடுவே ஓடி ஓடி அறுந்த நூலை முடிபவள், டீ குடிக்க உட்கார்ந்தால்தான் உண்டு. ரோட்டைக் கடக்கையில் பைக் மோதி, அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. கோவையில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். திரும்பப் போய்த் தறியில் நிற்க முடியுமா என்பது ஒன்றே அவள் கவலை.

ஆறாம் வாரம் எக்ஸ்ரே பார்த்த டாக்டர் அவள் மகன் கதிரேசனிடம் சொன்னார்: "கம்பி நல்லா பிடிச்சிருக்கு. இனி அம்மா வெயிட் போடணும். வெயிட் போட்டாத்தான் எலும்பு சேரும்."

வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டருக்கு விளக்கிச் சொல்ல நேரமில்லை. கதிரேசனுக்குத் திருப்பிக் கேட்க வாயில்லை.

அன்றிலிருந்து காலையில் ஆட்டுக்கால் சூப், இரண்டு முட்டை, மதியம் மீன், ராத்திரி பால். பாத்ரூமுக்குக்கூட அவனே தூக்கிக்கொண்டு போனான். எந்தப் பிள்ளை இப்படிப் பார்க்கும் என்று பக்கத்து வீட்டு யாஸ்மின் மெச்சினாள்.

ஒருநாள் வீட்டில் ஆளில்லாதபோது மாசாணியம்மாள் பீரோவைப் பிடித்து எழுந்தாள். இரண்டு அடி வைத்தாள். வலித்தது, ஆனால் கால் தாங்கியது. அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கதிரேசன் உள்ளே வந்தான். "ஏனுங்மா, கம்பி வளைஞ்சுபோச்சுன்னா என்ன பண்றதுங்க? படுங்க மொதல்ல!"

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று படுத்தாள். பிறகு காலைத் தரையில் வைக்கவே பயந்தாள்.

ஐந்தாம் மாதம் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்பு சேரவே இல்லையே. தினம் எவ்வளவு தூரம் நடக்கறாங்க?"

"நடக்கறதுங்களா?" கதிரேசன் விழித்தான். "நீங்க வெயிட் போடத்தானுங்க சார் சொன்னீங்க. எட்டு கிலோ ஏறியிருக்காங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "கால்ல வெயிட் போட்டு நடக்கச் சொன்னேன் தம்பி. ஊனி நடந்தா எலும்போட எலும்பு அழுந்தும், அப்பத்தான் வளரும்."

இடுப்பு எலும்பைச் சுரண்டி எடுத்து முறிந்த இடத்தில் வைத்து இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். அதற்குப் பிறகும் நாள் முழுக்க நிற்பது சந்தேகம்தானாம்.

வராந்தாவில் அம்மாவின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதிரேசன் அழுதான். "நாந்தானுங்மா உங்க காலக் கெடுத்துப்போட்டேன்."

இல்லை என்று சொல்வாள் என அவன் அவள் முகத்தையே பார்த்தான். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பீரோ ஓரத்தில் வைத்த அந்த இரண்டு அடி நெஞ்சில் வந்து நின்றது.

"ஆமாங் கண்ணு," என்றாள். "அன்னைக்கு அது என்னையத் தாங்குச்சு."